ஃப்ளைவீல் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ஃப்ளைவீலைக் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு போல்ட். தலையின் அகலம் 36 மி.மீ.; இறுக்கம் சுமார் 294 நியூட்டன் மீட்டர். ஹோண்டா சிவிக்கின் டி-சீரிஸ் இன்ஜினில் 12 மி.மீ. போல்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 118. சுபாருவின் இஜே இன்ஜினில் 72. செவர்லேயின் எல்.எஸ். வி8 இன்ஜினில் 100. அதையும் ஒரே மூச்சில் வைக்கக் கூடாது, 20, 50, 100 என்று மூன்று சுற்று வர வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் பிற்காலக் கார்கள் பலவற்றில் 60 நியூட்டன் மீட்டர் வைத்துவிட்டு, அதற்கு மேல் கால் சுற்று திருப்பச் சொல்கிறது கையேடு. டொயோட்டாவின் 1இசட்இசட் இன்ஜினில் 49, பிறகு கால் சுற்று.

எல்லா இடத்திலும் வேலை ஒன்றுதான்: சுழலும் ஒரு கனத்த இரும்பு வட்டு தண்டின் முனையில் அசையாமல் உட்கார வேண்டும். அப்படியிருந்தும் விடைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? இன்ஜினின் திறனும் போல்ட்டின் பருமனும் எண்ணிக்கையும் ஒரு காரணம். ஆனால் ‘இறுகிவிட்டது’ என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்பதிலேயே பொறியாளர்கள் ஒரு நூற்றாண்டாக வெவ்வேறு கட்சி கட்டியிருக்கிறார்கள். கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அந்தக் கட்சிகளில் ஏதோ ஒன்றின் முடிவு.

கிளட்ச் பிளேட்டைத் தானே மாற்றிக்கொள்ள இறங்கும் வண்டிக்காரருக்கு இந்த விவாதம் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. கியர் பாக்ஸை இறக்கி, பிரஷர் பிளேட்டைக் கழற்றி, ஃப்ளைவீல் முகத்தைக் கடைசலுக்குக் கொடுக்கவோ பின்பக்க ஆயில் சீலை மாற்றவோ ஃப்ளைவீலையும் கழற்றிவிட்டால், திரும்ப மாட்டும்போது இந்தக் கேள்விகள் அத்தனையும் முன்னால் வந்து நிற்கும். தவறியது தெரியவந்தால் கியர் பாக்ஸை மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை.

உராய்வுதான் பிடிக்கிறது

இன்ஜினின் முறுக்கத்தைப் போல்ட்டின் தண்டு குறுக்கே நின்று தாங்குகிறது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். நன்றாக இறுக்கிய ஃப்ளைவீலில் அந்த வேலையைச் செய்வது உராய்வு. போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங் மாதிரி நீண்டு, ஃப்ளைவீலைக் கிராங்க் ஷாஃப்ட்டின் விளிம்போடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்குப் பிடிவிசை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணக் கணக்கு. 10 மி.மீ. போல்ட்டுகள் ஆறு, ஒவ்வொன்றும் 40 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 4 டன் எடைக்கு நிகரான விசையோடு பிடிக்கிறது. மொத்தம் 240 கிலோ நியூட்டன். உராய்வுக் கெழு 0.15 என்றால், வழுக்காமல் தாங்கக்கூடிய விசை 36 கிலோ நியூட்டன். போல்ட் வட்டத்தின் ஆரம் 3 செ.மீ. என்று கொண்டால், 1,080 நியூட்டன் மீட்டர் முறுக்கம் வரை இணைப்பு அசையாது. சிறிய காரின் இன்ஜின் தருவது 150, 200 அளவில்தான். இவ்வளவு ஒதுக்கு எதற்கு? இன்ஜினின் முறுக்கம் சீராக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ஓர் உதை. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் இன்னும் பெரிய உதை. பிடிவிசை பாதியானால் ஒதுக்கும் பாதியாகும். அப்போது பெரிய உதை வரும் கணத்தில் ஃப்ளைவீல் இம்மியளவு வழுக்கும். வழுக்கினால் போல்ட் தளரும். தளர்ந்தால் இன்னும் வழுக்கும். பீட்டிலில் இது முற்றிப்போனால், ஃப்ளைவீலை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின்களின் துளைகள் முட்டை வடிவமாகிவிடும். ஃப்ளைவீல் ஆடும் இன்ஜினில் கேட்கும் தட்டல் சத்தத்தைப் பேரிங் போய்விட்டது என்று எண்ணி இன்ஜினையே பிரித்தவர்களும் உண்டு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வேண்டியது பிடிவிசை. ஆனால் கையில் ஸ்பேனரோடு இருப்பவருக்கு அது கண்ணில் படாது. அதற்குப் பதிலாக வேறெதையோ அளந்து, பிடிவிசை வந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டும். எதை அளப்பது என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

கைப்பதம்

மிகப் பழைய விடை இதுதான். ஜோசப் விட்வொர்த் 1841இல் ஒரே சீரான மரைகளை முன்மொழிந்தபோது, இவ்வளவு இறுக்கு என்று எண் சொல்லும் கருவி எதுவும் புழக்கத்தில் இல்லை. ஸ்பேனரின் நீளமே அளவுகோல். சிறிய போல்ட்டுக்குக் குட்டை ஸ்பேனர், பெரியதற்கு நீளமானது. ஒரு சராசரி ஆள் ஒரு கையால் இழுத்தால் போல்ட் முறியாத அளவுக்குத்தான் விசை போகும். ஸ்பேனர் வரிசைகளில் இந்த நீள விகிதம் இன்றும் தொடர்கிறது. நீளமான பைப்பைச் சொருகி இறுக்குபவர் அந்தக் காவலைத்தான் உடைக்கிறார்.

இந்தக் கட்சியை எளிதில் தள்ளிவிட முடியாது. தேர்ந்த மெக்கானிக்கின் கை முறுக்கத்தோடு நிற்பதில்லை. மரை சொரசொரப்பாகப் போகிறதா, இறுக இறுக எதிர்ப்பு ஏறுகிறதா, திடீரென்று வெண்ணெய் மாதிரி இளகுகிறதா என்பதையும் உணர்கிறது. மரை அழியப்போவதைக் கருவிக்கு முன்பே கை சொல்லிவிடும். பலவீனம் வேறிடத்தில். கைக்குக் கை அளவு மாறும். ஒரே கையும் காலையில் ஒரு மாதிரி, மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் ஒரு மாதிரி. ஆறு போல்ட்டுகளும் ஒரே அளவு இழுக்க வேண்டிய இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஆபத்து. பொறியியல் நூல்கள் கைப்பதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 35 சதவீதம். அதுவும் பயின்ற கைக்கு. ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டிக்கு அடியில் போகிறவருக்கு அந்தப் பயிற்சி சேர வாய்ப்பில்லை.

எண்ணின் வருகை

டார்க் ரெஞ்ச்சின் பிறப்பைப் பொதுவாக கான்ராட் பார் என்பவரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த அவர், குழாய்களின் விளிம்பு போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்கி உடைப்பதைத் தடுக்க 1918 வாக்கில் இப்படியொரு கருவியை உருவாக்கினாராம். 1930களில் இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று ஒலி எழுப்பும் வடிவத்துக்குக் காப்புரிமை எடுக்கப்பட்டது. வண்டிகளின் கையேடுகளில் இறுக்க அட்டவணை என்ற பக்கம் நிலைபெற்றது இதன் பின்னால்தான். பிரிட்டனில் 1960களில் வரத் தொடங்கிய ஹெய்ன்ஸ் கையேடுகளும், அமெரிக்காவில் 1969இல் ஜான் மியூர் பீட்டில் சொந்தக்காரர்களுக்காக எழுதிய புகழ்பெற்ற புத்தகமும், கராஜில் மட்டும் புழங்கிய இந்த வேலையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன.

எண் வந்ததால் பெரிய நன்மை, ஆறு போல்ட்டுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் இறுகின. கருவியின் துல்லியமும் குறையில்லை: 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட அளவுகளில் பிழை 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6789.

ஆனால் கருவி அளப்பது முறுக்கத்தை, வேண்டியது பிடிவிசை. இரண்டுக்கும் நடுவில் உராய்வு உட்கார்ந்திருக்கிறது. ஸ்பேனரில் கொடுக்கும் உழைப்பில் சுமார் 50 சதவீதம் போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது. இன்னொரு 40 மரையில் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது 10. உராய்வு கொஞ்சம் குறைந்து 90 பங்கு 85 ஆனால், மிஞ்சுவது 10இலிருந்து 15 ஆகிவிடும். அதாவது டார்க் ரெஞ்ச் அதே எண்ணில் ‘டக்’ என்றாலும் பிடிவிசை ஒன்றரை மடங்கு. விண்வெளி ஓடத்தின் போல்ட்டுகளுக்காக நாசா வகுத்த விதிகள், டார்க் ரெஞ்ச் முறையின் பிழையை உயவிட்ட போல்ட்டுக்கு 25, உயவில்லாததற்கு 35 சதவீதம் என்று கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. உயவில்லாத நிலையில் கைப்பதத்துக்குச் சொல்லும் அதே எண்.

இதை வைத்து டார்க் ரெஞ்ச் வீண் என்று முடிவு கட்டுவது அவசரம். ஃப்ளைவீல் இணைப்பை வடிவமைப்பவர் இந்தச் சிதறலையும் கணக்கில் வைத்துத்தான் எண்ணைக் குறிக்கிறார். ஆனால் அந்த எண்ணின் நிபந்தனைகளை மாற்றாமல் இருந்தால்தான் அது செல்லும்.

வீட்டில் நடக்கும் பிசகுகள் பெரும்பாலும் இதைவிடச் சாதாரணமானவை. ஒன்று, அலகு. 60 நியூட்டன் மீட்டரை 60 பவுண்டு-அடி என்று வைத்துவிட்டால் கிடைப்பது 81. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். பழைய ஜப்பானியக் கையேடுகளில் கிலோகிராம்-மீட்டர் வேறு வரும், அதை 9.8ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவது, நின்ற போல்ட்டை மறுபடி இழுத்துச் சோதிப்பது. அசையாமல் நிற்கும் உராய்வு, நகரும் உராய்வைவிட அதிகம். ஆகவே போல்ட் திரும்பாமலே ‘டக்’ கேட்கும், இறுகிவிட்டதாக எண்ணம் வரும். மூன்றாவது விசித்திரமானது. 020 என்ற கியர் பாக்ஸ் கொண்ட பழைய கோல்ஃப் கார்களில் கிளட்ச் தலைகீழ்: பிரஷர் பிளேட்தான் கிராங்க் ஷாஃப்ட்டில் மாட்டப்பட்டிருக்கும், ஃப்ளைவீல் அதன்மேல். அங்கே ‘ஃப்ளைவீல் போல்ட்’ என்று அட்டவணையில் தேடினால் வெறும் 20 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். எண் சரிதான், வேறு வண்டியின் ஃப்ளைவீலுக்கு அதை எடுத்துக்கொண்டால் விபரீதம்.

கோணக் கட்சி

உராய்வோடு மல்லுக்கட்டுவதைவிட அதைச் சுற்றிப் போய்விடலாம் என்பது அடுத்த கட்சி. மரையின் புரியிடைவெளி உறுதியானது. போல்ட்டைக் கால் சுற்று திருப்பினால் அது எவ்வளவு முன்னேறும் என்பதில் உராய்வுக்குப் பங்கில்லை. ஆகவே முறுக்கத்தை விட்டுவிட்டுத் திருப்பத்தை அளக்கலாம்.

இந்த யோசனை கார்களுக்கு முன்பே கட்டடங்களில் வேரூன்றியது. அமெரிக்காவில் இரும்புக் கட்டடங்களில் ரிவெட்டுக்குப் பதிலாக உயர்வலு போல்ட்டுகளை அனுமதித்த முதல் விதித்தொகுப்பு 1951இல் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நட்டைக் குறிப்பிட்ட பங்கு சுற்றும் முறை அங்கே வழக்கத்துக்கு வந்துவிட்டது. அளவு திருத்திய ரெஞ்ச்சால் இறுக்கும் முறையை அதே விதித்தொகுப்பு 1980இல் நீக்கியது. 1985இல் கடுமையான நிபந்தனைகளோடு திரும்பச் சேர்த்தது. எந்தக் கட்சியும் முழுதாக வெல்லவில்லை என்பதற்கு அந்த ஐந்தாண்டு ஊசலாட்டமே சான்று.

கார்த் தொழிலில் இந்த முறைக்கு இன்னொரு பரிமாணம் சேர்ந்தது. போல்ட் மீட்சி எல்லைக்குள், அதாவது விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் நிலையில் இருக்கும்வரை, திருப்பத் திருப்ப இழுவிசை நேர்கோட்டில் ஏறும். எல்லையைத் தொட்டதும் கோடு படுத்துவிடும். மேலும் கொஞ்சம் திருப்பினாலும் விசை பெரிதாக ஏறாது. அந்தச் சமவெளிக்குள் போல்ட்டைக் கொண்டு சேர்த்துவிட்டால், கோணத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் பிடிவிசை மாறாது. போல்ட்டின் வலிமை முழுவதையும் பயன்படுத்திக்கொண்டதாகவும் ஆகும். ஒரே பிடிவிசைக்குச் சிறிய, இலேசான போல்ட் போதும் என்பதால் உற்பத்தியாளர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஃபோக்ஸ்வாகனின் 60 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை என்ற விதியின் பின்னணி இதுதான். அங்கே 10 மி.மீ. போல்ட்டின் புரியிடைவெளி 1 மி.மீ.; கால் சுற்றுக்குக் கால் மி.மீ. முன்னேற்றம். அதில் ஒரு பகுதி இரும்புகளை நெருக்குவதில் போகிறது. மீதி போல்ட்டை மீட்சி எல்லைக்கு அருகிலோ அதைத் தாண்டியோ இழுக்கிறது.

இந்த முறைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பிழை எல்லை 15 சதவீத அளவு. ஆனால் வீட்டு வாசலில் அது அப்படியே கிடைக்கும் என்று நம்ப முடியாது. கோணத்தை எண்ணத் தொடங்கும் இடத்தை, அதாவது அந்த முதல் 60ஐ, நிர்ணயிப்பது டார்க் ரெஞ்ச்தான். உராய்வு அந்த வழியாக மறுபடி உள்ளே வந்துவிடும். ரெஞ்ச்சின் கைப்பிடி 90 பாகை போனாலும் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் முறுகுவதால் போல்ட் அவ்வளவு போயிருக்காது. இவற்றைவிடப் பெரிய தொல்லை, ஃப்ளைவீலே சேர்ந்து சுற்றுவது. ஃப்ளைவீலின் ஓரத்தைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பல்லில் ஸ்க்ரூடிரைவரைச் செருகித் தடுத்தால், அது ஆடும் அளவும் கோணத்தில் சேர்ந்துவிடும். ரிங் கியரில் பல்லோடு பல்லாகப் பொருந்தும் தடுப்பானைப் பிளாக்கில் திருகி வைத்து, போல்ட் தலையிலும் ஃப்ளைவீலிலும் பெயின்ட்டால் ஒரே கோடு இழுத்து, அந்தக் கோடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் நம்பகமானது. ரெஞ்ச்சை நம்பாமல் போல்ட்டையே பார்க்கும் வழி அது.

நீட்சியை நேரடியாக அளப்பது

கொள்கையளவில் இதுதான் தலைசிறந்த விடை. இறுக்குவதற்கு முன்னும் பின்னும் போல்ட்டின் நீளத்தை மைக்ரோமீட்டரால் அளந்தால் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கும். பந்தய இன்ஜின் கட்டுபவர்கள் கனெக்டிங் ராடு போல்ட்டுகளுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஃப்ளைவீல் போல்ட்டின் மறுமுனை கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. இரு முனையையும் தொட வழியில்லை. மீயொலி கொண்டு அளக்கும் கருவிகள் தொழிற்சாலைகளில் உண்டு. வீட்டில் கிளட்ச் மாற்றுபவருக்கு இந்தக் கட்சி இல்லாதது போலத்தான்.

எண்ணெயா, உலர்வா, பசையா?

அதிகச் சச்சரவு இந்தக் கேள்வியில்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது.

மேலே சொன்ன 10 மி.மீ. போல்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். முறுக்கத்தையும் பிடிவிசையையும் இணைக்கும் கெழு, உயவில்லாத இரும்புக்குச் சுமார் 0.2. அப்படியானால் 80 நியூட்டன் மீட்டருக்கு 40 கிலோ நியூட்டன் கிடைக்கும். மரையில் எண்ணெய் விட்டுக் கெழு 0.15 ஆனால், அதே 80க்குக் கிடைப்பது 53. தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டின் வலிமை சதுர மி.மீ.க்கு 1,000 நியூட்டன்; அதில் 90 சதவீதத்தில் மீட்சி எல்லை. சாதாரண மரை கொண்ட 10 மி.மீ. போல்ட்டின் குறுக்குவெட்டு 58 சதுர மி.மீ. என்பதால் அந்த எல்லை 52 கிலோ நியூட்டன் அளவில் வந்துவிடும். நல்லெண்ணத்தோடு விட்ட சொட்டு எண்ணெய் போல்ட்டை எல்லைக்கு மேல் தள்ளிவிடுகிறது.

உலர்வாகவே போடு என்ற கட்சிக்கு இது வலுவான வாதம். எதிர்க்கட்சியின் வாதமும் இலேசானதல்ல: உலர்ந்த மரையின் உராய்வு போல்ட்டுக்குப் போல்ட் மாறும், ஒருமுறை இறுக்கித் தளர்த்தினாலே மாறும்; உயவிட்டால்தான் ஆறும் ஒன்றுபோல் வரும். பந்தய போல்ட்டுகளுக்குப் பேர்போன கலிஃபோர்னிய நிறுவனமான ஏ.ஆர்.பி. தன் போல்ட்டுகளுக்கென்றே தனி உயவுப் பசையும் அதற்கேற்ற இறுக்க எண்ணும் தருகிறது. இரு தரப்பும் தத்தம் எல்லைக்குள் சரி. வண்டிக் கையேட்டின் எண்ணை எடுத்துக்கொண்டு, போல்ட் கம்பெனியின் உயவைத் தடவும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

மூன்றாவது கட்சி பசை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியரான வெர்னன் கிரீபிள் 1950களில் உருவாக்கிய லாக்டைட், காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டதும் இறுகிக் கெட்டியாகும் திரவம். மரை இடுக்குக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற குணம். போல்ட் ஏன் கழல்கிறது என்பதற்கான தெளிவு வந்தது அதற்குப் பிறகுதான். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட சோதனைகள், நீளவாக்கில் இழுப்பதைவிட, இணைந்த பாகங்கள் குறுக்கே வழுக்குவதே போல்ட்டைத் தானாகக் கழலவைக்கிறது என்று காட்டின. ஃப்ளைவீலில் குறுக்கே வழுக்கத் தூண்டும் உதைகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்பிரிங் வாஷர் இந்த இடத்தில் உதவாது. முழுதாக இறுகிய பிறகு அது வெறும் தட்டை வாஷர்தான், பூட்டுவதற்கு அது பயனற்றது என்று நாசா 1990இல் வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடு தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்கிறது. அம்பாசடர் காரில் புழங்கிய பி-சீரிஸ் இன்ஜின் குடும்பத்தில் ஃப்ளைவீல் போல்ட்டின் தலையோடு தகட்டை மடக்கிவிடும் பழக்கம் இருந்தது. அந்தத் தகடு போல்ட் கழன்று விழுவதைத் தடுக்கும். பிடிவிசை குறைவதைத் தடுக்காது.

பசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாஸ்டா மியாட்டா போன்ற சில இன்ஜின்களில் ஃப்ளைவீல் போல்ட்டின் துளை கிராங்க் கேஸுக்குள் திறக்கிறது. மரையில் அடைப்புப் பசை இல்லாவிட்டால் எண்ணெய் போல்ட் வழியாகக் கசிந்து புதுக் கிளட்ச் பிளேட்டை நனைக்கும். ஆயில் சீல் போய்விட்டது என்று எண்ணி அதை மாற்றினாலும் கசிவு நிற்காது. பசையின் பலவீனம் இரண்டு: ஈரமாக இருக்கும்போது அதுவும் ஓர் உயவு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் மரையில் ஒழுங்காகக் கெட்டியாகாது. சிவப்பு வகையைக் கழற்ற 250 பாகை செல்சியஸ் வரை சூடு காட்ட வேண்டியிருக்கும். ஆயில் சீலுக்குப் பக்கத்தில் அப்படிச் சூடு காட்டுவது யாருக்கும் உவப்பான வேலை அல்ல.

பழைய போல்ட்டை மறுபடி போடலாமா?

முறுக்கத்தோடு கோணமும் கேட்கும் கையேடுகளில் பல, ‘ஒருமுறைக்கு மட்டும்’ என்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் இது கண்டிப்பு. மீட்சி எல்லையைத் தாண்டிய போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது; அதன் சமவெளியில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது. முன்பூச்சாக வந்த பசையும் போய்விட்டது. தலைக்கு அடியில் முகம் தேய்ந்து உராய்வும் மாறிவிட்டது.

ஐயப்படுவோர் சொல்வது: எஃகு எல்லையைச் சற்றுத் தாண்டியதால் உடனே நொறுங்கிவிடாது, பலமுறை இறுக்கிய போல்ட்டுகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன, கையேட்டின் விதியில் உதிரிபாக வியாபாரமும் கலந்திருக்கிறது. முதல் இரண்டும் ஓரளவு உண்மை. சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளுக்குச் சில நிறுவனங்கள் அளவு வரம்பு கொடுத்து, அதற்குள் இருந்தால் மறுபடி போடவும் அனுமதிக்கின்றன. ஆனால் அந்தச் சலுகையை ஃப்ளைவீலுக்கு நீட்டுவது கடினம். ஹெட் போல்ட் நீளமானது. நிரந்தர நீட்சி அளவில் தெரியும். ஃப்ளைவீல் போல்ட் விரல் நுனி நீளம். அதன் நிரந்தர நீட்சி சாதாரண வெர்னியரின் பிழைக்குள் மறைந்துவிடும். ஒரு செட் போல்ட்டின் விலையையும் கியர் பாக்ஸை மறுபடி இறக்கும் வேலையையும் தராசில் வைத்தால், விதி கேட்கும் இடத்தில் புதிதாகப் போடுவதுதான் விவேகம். கோணம் கேட்காத பழைய இன்ஜின்களில் மரையும் தலையும் நன்றாக இருந்தால் மறுபயன்பாட்டுக்கு எதிரான வாதம் வலுவிழக்கிறது.

மாற்று போல்ட் தேடும்போது தலையின் பொறிப்பு மட்டும் போதாது. 10.9 என்ற எண்ணோடு தயாரிப்பாளரின் முத்திரையும் இருக்க வேண்டும். சென்னையில் பிறந்த சுந்தரம் ஃபாசனர்ஸின் டி.வி.எஸ். முத்திரை தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்குப் பழகிய ஒன்று. ஆனால் ஹார்டுவேர் கடையில் அதே விட்டத்தில், அதே வலிமையில் கிடைக்கும் போல்ட்டின் மரை சாதாரண ரகமாக இருக்கும். ஃப்ளைவீலுக்கு வேண்டியது பெரும்பாலும் நுண்மரை. தலை உயரமாக இருந்தால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் உரசவும் கூடும்.

கட்சிகள் பேசாத இடம்

கருவி எது, முறை எது என்ற சண்டையில் ஒரு விஷயம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஃப்ளைவீல் போல்ட் குட்டையானது. 40 கிலோ நியூட்டன் விசையில் அது நீளும் அளவைக் கணக்கிட்டால் சுமார் 0.05 மி.மீ.தான் வரும். அந்த நூறில் ஐந்து பங்கு மி.மீ.யில்தான் பிடிவிசை முழுவதும் அடங்கியிருக்கிறது. விளிம்பில் ஒட்டிய துரு, பழைய பசைத் துணுக்கு, கடைசலில் மிஞ்சிய பிசிறு எதுவாக இருந்தாலும் வண்டி ஓட ஓட நசுங்கும். 0.01 மி.மீ. நசுங்கினாலே நீட்சியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. டார்க் ரெஞ்ச்சின் 4 சதவீதப் பிழையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. கிராங்க் ஷாஃப்ட் விளிம்பையும் ஃப்ளைவீலின் பின்முகத்தையும் பிரேக் கிளீனர் விட்டுத் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டும் இடத்தில் பிசிறு இருக்கும். துளை மரையில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டப் புதுமரை வெட்டும் டேப்பைப் போடக் கூடாது. அது இரும்பையும் சேர்த்து வெட்டும். மரையைச் சுத்தம் செய்யும் தனிக் கருவியோ, வாள்வெட்டு போட்ட பழைய போல்ட்டோ போதும். துளைக்குள் கிளீனர் தேங்கியிருந்தால் போல்ட் அடியில் முட்டி, இறுகாமலே இறுகியதாகக் காட்டும். காற்றடித்து உலர்த்த வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் கையால் கடைசி வரை திருகி, ஃப்ளைவீல் டவல் பின்னில் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்து, எதிரும் புதிருமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தில் தொடங்கி வரிசையாக இறுக்கினால் வட்டு இம்மி சாய்ந்து உட்காரும். கடைசி போல்ட் இறுகும்போது முதல் போல்ட் தளர்ந்திருக்கும்.

இன்னும் தீராதவை

இணைப்பு சுத்தமாகவும் போல்ட் சரியானதாகவும் இருந்தால், முறுக்கம் மட்டும் சொல்லும் கையேட்டை நல்ல டார்க் ரெஞ்ச்சாலும், கோணம் சொல்லும் கையேட்டைக் கோணத்தாலும் பின்பற்றுவது போதும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கைப்பதத்தை இறுதி அளவாக வைப்பதற்கு ஆதாரம் குறைவு. ஆனால் மரையின் குறையைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவியும் இல்லை.

தீராத கேள்விகள் விதிகளுக்கு வெளியே போகும்போது எழுகின்றன. அலுமினிய ஃப்ளைவீல் மாட்டுபவருக்கு, சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் அந்த உலோகம் பிடிவிசையை என்ன செய்கிறது என்பதற்குக் கையேட்டில் விடையில்லை. பசை கேட்காத எண்ணுக்குப் பசை போட்டால் எத்தனை சதவீதம் குறைப்பது என்பதில் ஒரே பதில் கிடையாது. குறைக்கவே வேண்டாம் என்போரும் உண்டு, பசைக்குப் பசை உயவுத்தன்மை மாறுவதால் பொதுவிதி சாத்தியமில்லை என்போரும் உண்டு. ஜெர்மன் கார்த் தொழிலில் போல்ட் பூச்சுகளின் உராய்வுக் கெழு 0.09 முதல் 0.14 வரை இருக்க வேண்டும் என்று தரம் வகுத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள்தான் அவர்களின் இறுக்க எண்கள் பொருள்படும். வெளிச்சந்தையில் விற்கும் ஃப்ளைவீல் போல்ட்டுகளின் பெட்டியில் விட்டம், நீளம், வலிமை எல்லாம் அச்சாகியிருக்கும். உராய்வுக் கெழு அச்சாகியிருப்பது அபூர்வம்.